என் கையெழுத்தில் என்மேல் ஒரு பிராது

ஜூலை 14, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்திருந்தாலும் உங்கள் காலில் விழுகிறேன். யாரிடமும் காட்டாதீர்கள். வேதியியல் ரெக்கார்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தையே நான் திறப்பதில்லை, பின்பக்கத்தை யார் திறக்கப் போகிறார்கள்? எடுத்தது அப்பாவாக இருந்தால் பயமில்லை. கரண்ட் பில்லைத் தவிர எதையும் அவர் கடைசிவரை படித்ததில்லை. அம்மாவாக இருந்தால்... அம்மா, மூடிவிடு. தயவுசெய்து.

விஷயம் இதுதான். அம்மாவின் காரை நேற்று நான் துவைக்கிற கல்லில் மோதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா பொம்மை சுடுகிற சூளைக்கு நடந்து போயிருந்தாள். அப்பா டீக்கடையில் உட்கார்ந்து நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். சாவி காலண்டர் ஆணியில் தொங்கியது. வண்டியில் உட்கார்ந்து பாட்டு கேட்கலாம், அவ்வளவுதான் என் பேராசை. பாட்டுக்கு ஒரு திருகு போதும். நான் தாராளமாக இரண்டு திருகினேன். கியரில் விட்டிருக்கிறார்கள். வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. கல் அசையவில்லை. முன்பக்கத்து இடது மூலை உள்ளே போய்விட்டது. விளக்குக் கண்ணாடியில் ஒரு விரிசல்.

கியரை எடுத்துவிட்டு வண்டியைத் தனியாகப் பின்னால் தள்ளினேன். அந்தப் பலத்தைப் பார்த்திருந்தால் பி.டி. மிஸ் என்னைக் கபடி டீமில் சேர்த்திருப்பார். கல்லில் ஒட்டியிருந்த வெள்ளிப் பெயிண்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா வந்துவிட்டாள்.

"சொல்லாமயே கல்லத் தேய்க்கிற. பரவால்லடி."

பதினாறு வருடத்தில் அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

அடிபட்ட மூலை சுவர்ப் பக்கம் இருந்ததால், இன்று காலை அம்மா கவனிக்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு பெண்ணாடம் போய் வந்தாள். சாயங்காலம் அப்பா கவனித்தார்.

"எங்க இடிச்ச?"

"நான் எங்கயும் இடிக்கலைங்களே."

"இடிச்சதே தெரியலன்னா பாரு. எப்பிடி ஓட்டியிருப்ப!"

நான் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அது கஞ்சியாகிவிட்டது.

ஜூலை 15

நாளை சொல்லிவிடுவேன்.

ஜூலை 16

நாளை.

ஜூலை 18, வெள்ளி

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அந்தக் காரை வாங்கிய கதையை எழுதுகிறேன். குற்றவாளிக்கும் பொழுது போக வேண்டுமே.

அம்மா பதினோரு வருடம் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் கண் எழுதினாள். ஒற்றை முடித் தூரிகை. ஒரு நாளைக்கு முந்நூறு பொம்மை, அறுநூறு கண். நாலு வருடமாகத் தனியாக ஆர்டர் எடுக்கிறாள். அச்சில் வார்ப்பதும் சாயம் அடிப்பதும் வீட்டிலேயே. சுடுவதற்கு மட்டும் அடுத்த தெருச் சூளையில் வாடகைக்கு இடம். கடைகளுக்கு எல்லாம் பஸ்ஸில்தான் கொண்டுபோவாள். ஏறும்போது இருபது பிள்ளையார். இறங்கும்போது பதினாறு பிள்ளையாரும், தும்பிக்கை இல்லாத நாலு குண்டு மனிதர்களும். அந்த நாலு பேருக்காகத்தான் இந்தக் கார்.

மே மாதம் வேப்பூரில் ஒரு பழைய ஆல்டோ விலைக்கு வந்தது. நாங்கள் மூன்று பேரும் போனோம். கூட அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். விற்றவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

"சார், உக்காந்து பாருங்க சார். எஞ்சின் சத்தத்தக் கேளுங்க சார்."

அப்பா லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க். தினமும் முப்பது லாரிகளை ஊர் ஊராக அனுப்புகிறவர். ஆனால் சைக்கிளில் ஏறினாலே ஒரு காலைத் தரையில் வைத்துக்கொள்வார். அவர் கம்பீரமாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். யோசித்தார். ஹாரனை இரண்டு தடவை அமுக்கினார்.

"நல்லா இருக்குது" என்றார்.

வண்டிக்குள் இருந்த ஐந்நூறு பாகத்தில் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைச் சரியாகச் சோதித்துவிட்டார்.

பணத்தை அம்மா மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விற்றவர் அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டு சாவியை அப்பா கையில் கொடுத்தார்! அப்பாவும் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பேர் மாற்றுகிற பாரத்தில் அம்மா "ப. துர்கா" என்று கையெழுத்துப் போட்டாள். பொம்மைக்குக் கண் வைக்கிற மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

சாவி அப்பா பாக்கெட்டிலிருந்து காலண்டர் ஆணிக்கு வர ஒன்பது நாள் ஆனது.

அந்தக் கையெழுத்தின் இடது மூலையைத்தான் நான் உள்ளே தள்ளியிருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

அம்மா இன்று பஸ்ஸில் போனாள். வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது.

பெண்ணாடத்திலிருந்து ராஜாம்பாள் அத்தை வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்ல வேள தம்பி, வண்டி மேல போச்சு. ஆள் மேல போயிருந்தா? பொம்மைக்குக் கண்ணு வெச்சா போதும்னு இருந்திருக்கலாம். தனக்கு ரோட்டுல கண்ணு வேணாமா?"

அப்பா சிரித்தார். அம்மா அத்தைக்கு இன்னொரு வடை வைத்தாள்.

ராத்திரி அப்பா, "ஒரு புரோக்கர் இருக்கான். ஆடியில எவனும் வண்டி வாங்கமாட்டான். ஆவணி ஒன்னாந்தேதி ஆளக் கூட்டியாரச் சொல்றேன்" என்றார். அம்மா வடைச் சட்டியைக் கழுவப் போனாள்.

ஆடி மாதத்துக்கு நன்றி. இன்னும் நாலு வாரம் கோழையாக இருக்கலாம்.

ஜூலை 25, வெள்ளி

எழுத்து கோணினால் மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? யாரும் படிக்கக் கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இன்று அம்மா கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிவிட்டாள்.

இந்த ஊரில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக யோசிப்பவர்கள்கூட மணவாளநல்லூரில் இருக்கிற அவர் கோயிலுக்கு யோசிப்பதில்லை. குறையைத் தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து, விபூதி போட்டு மடித்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளில் தீர்ப்பு என்பார்கள். வக்கீல் கிடையாது. வாய்தா கிடையாது.

காலையில் அம்மா ஒரு வெள்ளைத் தாளோடு என்னிடம் வந்தாள்.

"இளமதி, உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குது. எழுது."

எழுதினேன். என்மேல் நானே. பத்தாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியது இதற்குத்தானா?

"இடிச்சவங்கன்னு மட்டும் எழுதாத. என் சொந்தக் காசுல வாங்குன வண்டிக்கு எவரு எவரு மறைஞ்சி நின்னு என்னென்ன கெடுதல் பண்ணாங்களோ, அத்தனையும் அந்த சாமியே கேக்கணும்னு எழுது. நான் இடிக்கல. அது எனக்கே நிச்சயமாத் தெரியணும். அதையும் எழுது."

"என்ன தண்டனை குடுக்கணும்னு எழுதணுமாம்மா?"

"அது அவரு பாத்துப்பாரு. நீ ஏன்டி வேர்க்குற?"

"ஃபேன் ஓடல."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 26

காய்ச்சல் இல்லை. பல்லி விழவில்லை. சாமி நிதானமாக விசாரிக்கிறார். ஊர்தான் அதற்குள் பிராதை வரி வரியாகப் பேசுகிறது.

ஜூலை 29, செவ்வாய்

தீர்ப்பு பக்கத்து வீட்டில் விழுந்துவிட்டது!

சாமிக்கண்ணு மாமா காலை ஆறு மணிக்கே வந்து நின்றார். லோடு ஆட்டோ வைத்திருக்கிறவர். எப்போதும் தோளில் கிடக்கிற துண்டு, கும்பிட வந்தவர் மாதிரி இடுப்பில் இருந்தது. அம்மா துண்டைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"ஏம்மா துர்கா, பிராது கட்டிட்டியாமே?"

"ஆமா மாமா."

"டயர்ல காத்த நாந்தாம்மா புடுங்கனேன். ரெண்டு தடவ. அந்த வேப்பமரத்து நெழலு இருவது வருசமா என் ஆட்டோவுக்கு. உன் வண்டி வந்து நின்னுக்கிச்சு. வயித்தெரிச்சல். நேத்து பேத்திக்கு வாந்தி. என் பேர எடுத்துடும்மா."

"உங்க பேரே அதுல இல்லையே மாமா."

"எவரு எவருன்னு எழுதியிருக்கியாமே. அதுல நான் இருக்கேன்ல?"

"அந்த மூலையில இடிச்சது?"

"சாமி சத்தியமா அது நானில்ல."

பேத்தி நேற்று எட்டு ஐஸ்கிரீம் தின்றது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சாமியின் வேலையில் நான் குறுக்கிடுவதில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அத்தை போன் செய்தாள். ஸ்பீக்கரில் கொழகொழவென்று வந்தது குரல். ஒரு பக்கத் தாடை வீங்கிவிட்டதாம்.

"துர்கா... தம்பி சம்பாத்தியத்தத் திருடித்தான் நீ காரு வாங்கினன்னு நாலு வூட்டுல சொல்லிட்டேன்டி. நாலுன்னா, ஒரு ஏழெட்டு. அதுவும் வண்டிக்குக் கெடுதல்ல சேருமா?"

"அண்ணி, மொதல்ல பல் டாக்டரப் பாருங்க."

"சேருமான்னு சொல்லு!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடியில் என் தாடையைப் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

அப்பாவும்.

ரேஷன் கடைப் படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது சொன்னார். நான் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் புரோக்கர் இருக்கான்ல... அவங்கிட்ட முன்பணம் வாங்கிட்டேன்."

"ஆவணியிலதான வர்றான்?"

"இப்ப இல்ல. ஆனி மாசமே வாங்கிட்டேன்."

"வண்டியில அடிபடறதுக்கு முன்னாடியா?"

தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

"ஏங்க?"

"லாரி ஆபீஸ்ல எல்லாரும் ஓனரு வீட்டுக்காரரு வர்றாருன்னு சிரிக்கிறானுங்க, துர்கா."

அம்மா ஒத்தடத்தை நிறுத்தவில்லை. அப்பாவைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் அடிக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அடிக்கவில்லை. ஹாரன் விஷயம் உண்மைதானே.

ஆகஸ்ட் 6, புதன்

எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எனக்கு அறிவு இருக்கிறதா?

இன்று அம்மா சாயத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்:

"எல்லாரும் வந்து ஒத்துக்கிட்டாங்க. சின்னச் சின்னதெல்லாம்கூட. அந்த மூலைய இடிச்சவங்க மட்டும் வரல. ஏன்னா அப்பிடி ஒரு ஆளே இல்ல. நாந்தான் இடிச்சிருக்கேன். பெண்ணாடம் போற வழியில எங்கயோ. எனக்கே தெரியல பாரு. நாளைக்கு ஒரு கொழந்த மேல ஏத்தினாலும் தெரியாது."

"அப்பிடியெல்லாம் இல்லம்மா."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். கதவு திறந்தே கிடந்தது. நான், "சும்மா சொன்னேன்" என்றேன்.

இன்று எழுதிய பிள்ளையார்களில் இரண்டுக்கு மாறுகண். பதினைந்து வருடத்தில் அம்மாவின் கை கோணி நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

புரோக்கரின் முன்பணத்தை அம்மா திருப்பிக் கொடுக்கவில்லை. "ஒன்னாந்தேதி வரச் சொல்லுங்க. நானே கையெழுத்துப் போடறேன்" என்றாள். அப்பா, "வேணாம்மா, வண்டி இருக்கட்டும்" என்று நொண்டி நொண்டிப் பின்னால் போனார். கேட்கவில்லை. சதுர்த்திக்கு இன்னும் பதினாறு நாள். அறுபது பிள்ளையார் பஸ்ஸில் போகப் போகிறார்கள். எத்தனை தும்பிக்கை மிஞ்சும்?

தினமும் சாப்பிட்ட பிறகு அம்மா வண்டிக்குள் போய் உட்காருகிறாள். ஸ்டார்ட் செய்வதில்லை. ஸ்டியரிங்கைத் துடைக்கிறாள். திரும்பி வருகிறாள்.

ஆகஸ்ட் 14

என்னை அம்மா அடிக்கமாட்டாள். அதுதான் பயம். கல்லைத் தேய்த்ததற்குப் பாராட்டினாளே, அந்தப் பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது அவள் முகம் எப்படி இருக்கும்? எனக்குத் தண்டனை இல்லை. எல்லாரையும் பிடித்த சாமி என்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். ஒருவேளை இதுதான் அதுவோ? தினமும் அவள் ஸ்டியரிங் துடைப்பதை ஜன்னலில் நின்று பார்க்க வைப்பது?

நல்ல நீதிபதிதான் அவர்.

ஆகஸ்ட் 16, சனி, ராத்திரி

விடிந்தால் ஆவணி ஒன்று. எட்டு மணிக்குப் புரோக்கர்.

நான் வாயால் சொல்கிற ஜாதி இல்லை. கையெழுத்து ஜாதி. அதனால் வெள்ளைத் தாள் எடுத்து முறைப்படி எழுதினேன்.

"மகாராஜஸ்ரீ அம்மா துர்கா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மகள் இளமதி எழுதிக்கொண்ட பிராது. ஜூலை பதின்மூன்றாம் தேதி மத்தியானம் தங்கள் சொந்தக் காசில் வாங்கிய வண்டியைத் துவைக்கிற கல்லில் மோதியது நான். தாங்கள் எங்கும் இடிக்கவில்லை. பெண்ணாடம் ரோட்டில் இடிக்கவில்லை, எந்த ரோட்டிலும் இடிக்கவில்லை. நன்றாகத்தான் ஓட்டுகிறீர்கள். பெயிண்டு சாட்சி கல்லின் அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நார் எட்டவில்லை. தண்டனையைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும். வண்டியை மட்டும் விற்காதீர்கள்."

விபூதி போட்டு மடித்தேன். நூலால் ஸ்டியரிங்கில் கட்டிவிட்டு ஓடிவந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அம்மா சாப்பிட்டுவிட்டாள். பாத்திரச் சத்தம் நின்றது. செருப்புச் சத்தம். கார்க் கதவு.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

டார்ச் வெளிச்சம் துவைக்கிற கல்லில் விழுகிறது. குனிந்து பார்க்கிறாள். ஜன்னலை மூடிவிட்டேன்.

மறுபடி கார்க் கதவு. எஞ்சின்! ஸ்டார்ட் ஆகிவிட்டது. முப்பத்து மூன்று நாள் கழித்து. சாமிக்கண்ணு மாமா வீட்டில் லைட் போடுகிறார்கள். அப்பா, "துர்கா, இந்நேரத்துல எங்க?" என்கிறார். வண்டி தெருமுனை வரை போகிறது. திரும்புகிறது. ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், மெதுவாக, மெதுவாக, எங்கும் முட்டாமல். நின்றுவிட்டது.

கதவைத் தட்டுகிறாள்.

"இளமதி, வெளிய வாடி. கல்லுக்கும் வண்டிக்கும் எத்தினி எடம் வுட்டிருக்கேன்னு வந்து அளந்து பாரு. அப்பறமாப் பேசிக்கலாம் உங்கிட்ட."

அப்பறமா என்றால் என்ன அர்த்தம் என்று

மறுபடி தட்டு