‘இலைகளைத் தொடவும்’ என்ற பலகை குறித்து

அனுப்புநர்
சலவைத் தொழிலாளியின் மகள் (வணிகவியல் பட்டதாரி),
மருத்துவமனை ஊழியர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மாநகரப் பூங்காக்கள் துறை.

பொருள்: இயற்கை மற்றும் வெளிப்புற விளையாட்டு மையத்தின் அசுத்தம், அங்குள்ள அறிவிப்புப் பலகையால் என் தாயாருக்கு ஏற்பட்ட காயம் – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதற்கெல்லாம் ஒரு மனுவா என்று தாங்கள் நினைத்தால், முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து பேசும் தைரியம் எனக்கில்லை. எழுத மட்டும் வரும்.

1. கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தாயாரை மேற்படி மையத்துக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அவர், சீட்டு வாங்கி உள்ளே போகும் இடம் எதற்கும் அதுவரை போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறியது நான் ஒருத்திதான். வாசலில் ‘தொட்டுப் பாருங்கள், கேட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்’ என்று பெரிதாக எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன். “மோந்து பாக்கச் சொல்லவே வேணாம்டி, வாசல் வரைக்கும் வருது” என்றார்.

2. அவர் சொன்னது மிகையில்லை. மீன்களைத் தொட்டுப் பார்க்கும் தொட்டியில் தண்ணீர் சளிபோல் இழுபட்டது. அதில் குழந்தையின் டயப்பர் ஒன்று ஊறி உப்பி மிதக்க, மீன்கள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. பறவைக் குரல் கேட்கும் பொத்தான்களில் மென்று துப்பிய சூயிங்கம் ஒட்டியிருந்தது. குயில் பொத்தானை அழுத்திய என் விரலோடு அது நூலாக நீண்டு வந்தது. குயில் கூவவில்லை. ஆமையின் ஓட்டில் யாரோ பேனாவால் ‘ஐ லவ் யூ’ என்று எழுதியிருந்தார்கள். ‘உள்ளே கைவிட்டு என்னவென்று கண்டுபிடி’ என்ற மரப்பெட்டியில் ஈரமாக, வெதுவெதுப்பாக ஏதோ இருந்தது. கண்டுபிடிக்க எனக்கு விருப்பமில்லை. கயிற்றுப் பாலத்தின் கைப்பிடி பிசுபிசுத்தது. கை கழுவும் குழாயில் காற்று மட்டுமே வந்தது. “ஆபரேஷன் துணியையே அள்ளிப் போடறவ நான், எனக்கே குமட்டுது” என்றார் அம்மா. வெளியே கிளம்பியிருக்க வேண்டும். சீட்டு வாங்கியாகிவிட்டதே என்று செடிகள் பகுதிக்குப் போனோம்.

3. அங்கே தாழ்வான வேலிக்கு அப்பால் ஒரு புதர். அதன் முன்னிருந்த பலகையில் ‘இலைகளைத் தொடவும்’ என்று இருந்தது. அதற்குக் கீழே, ‘குடும்பத்தோடு வாருங்கள், குதூகலமாகச் செல்லுங்கள்’ என்ற மையத்தின் தள்ளுபடி விளம்பரம் ஒட்டப்பட்டிருந்தது. “தொடவும்னு போட்டிருக்கும்மா, தொட்டுப் பாரு” என்றேன். அவர் விரல்நுனியால் தொடுகிறவர் அல்லர். துணியில் ஈரம் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல் உள்ளங்கையை விரித்து இலைகளில் அழுத்தினார். அது காஞ்சொறிச் செடி.

4. கை சிவந்து தடித்துக் கொப்பளித்தது. முதலுதவி அறை மையத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கே மருந்துப் பெட்டியைத் திறந்தபோது கரப்பான்பூச்சிகள் ஓடின. ஊழியர் ஒருவர், சற்றுமுன் மீன்தொட்டியின் வழுவழுப்பைத் துடைத்த அதே துணியால் என் தாயாரின் கையைத் துடைத்தார். மேற்பார்வையாளர் நாற்காலியைவிட்டு எழவில்லை. “தொடக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா?” என்றார். அந்த வலியிலும் அம்மா, “என் பொண்ணு டிகிரிங்க, அவதான் படிச்சுச் சொன்னா” என்றார். “எந்த காலேஜும்மா? சொன்னா என் பொண்ணை அங்க சேர்க்காம இருப்பேன்” என்றார் மேற்பார்வையாளர். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டி நாற்றத்தைவிட அந்தச் சிரிப்பே எனக்கு அருவருப்பாக இருந்தது.

5. அடுத்த வாரம் தனியாகப் போய் அந்த விளம்பரத்தின் ஓரத்தை நகத்தால் உரித்தேன். “ஏம்மா, ஒட்டினதைப் பிச்சா ஃபைன் தெரியும்ல?” என்று காவலாளி ஓடி வந்தார். அதற்குள் பார்த்துவிட்டேன். முதல் வரி, ‘இலைகளைத் தொடவும்’. மறைந்திருந்த இரண்டாம் வரி, ‘பறிக்கவும் கூடாது’. அப்போதே கைப்பேசியில் எடுத்த படம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

6. படத்தை அம்மாவிடம் காட்டி விளக்கினேன். “சரி விடு, மனசுல வச்சுக்காத” என்று என் தலையைத் தடவினார். நான் சாக்குச் சொல்லிச் சமாளிக்கிறேன் என்றே நினைக்கிறார். கை ஆறிவிட்டது. ஆனால் முன்புபோல் மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டுவதில்லை. மருந்துக்கடைக்காரரிடமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வருகிறார். பேருந்தின் பெயர்ப்பலகையை நான் படித்துச் சொன்ன பிறகும், “எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்” என்று நடத்துநரிடம் போகிறார். என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கே இப்போது, கதவில் ‘தள்ளவும்’ என்றிருந்தால், வேறு யாராவது முதலில் தள்ளட்டும் என்று நிற்கத் தோன்றுகிறது.

7. ஆகவே, தொட்டியைக் கழுவி மீன்களைக் காப்பாற்றவும், குழாயில் தண்ணீர் வரவும், முதலுதவி அறையை மனிதர்களுக்கு உரியதாக மாற்றவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பலகையில் ‘தொடாதீர்கள்’ என்ற ஒரே சொல் போதும். அதன்மேல் எதையும் ஒட்ட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. முதலில் எழுத நினைத்தது இதைத்தான், கூச்சத்தால் தள்ளிப்போட்டேன். தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர், மாலையில் வேலை முடிந்து வந்திருக்கும் என் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, “உங்க பொண்ணு சரியாத்தான் படிச்சா” என்று சொல்ல வேண்டும். எண்ணைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். தயவுசெய்து பதில் கடிதம் அனுப்ப வேண்டாம், ஐயா. கடிதம் வந்தால் அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியவள் நான்தான்.

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: மார்ச் 12

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
சலவைத் தொழிலாளியின் மகள்