தகரத்துக்கு மட்டும் சத்தியம்

ஜூன் 3, செவ்வாய்
விடாத மழை. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை. வெயிலடித்தாலும் இருக்காது, வேலைநிறுத்தம். தொழிலாளர் லயத்துக் கூரை ஒழுக்குக்கு வைக்கப் பாத்திரம் போதாமல் என் வாளியையும் அக்கா வாங்கிப் போனாள்.

உயர்தர வகுப்பு. ஆறு பேர். ஆங்கில அரசர் நாடகம். கிளர்ச்சிக்காரர்களிடம் இளவரசன் சொல்கிறான்: குறைகளைத் தீர்க்கிறேன், படையை வீட்டுக்கு அனுப்புங்கள். அனுப்புகிறார்கள். சேர்ந்து குடிக்கிறார்கள். அவன் படை மட்டும் நின்ற இடத்தில். உடனே கைது. குறைகளைத் தீர்ப்பதாகத்தான் சொன்னேன், உங்களை விடுவதாகச் சொன்னேனா என்கிறான். தலைவர்கள் தலை போகிறது. மாணவர் கருத்து: "அவரு பொய் சொல்லலியே சேர்." பரீட்சையில் இதற்குப் புள்ளி உண்டு.

ஜூன் 4, புதன்
மழை. எனக்குத் தடிமன், தும்மல்.
அக்கா புருஷன் சுந்தரம் அத்தான்தான் தோட்டத்தில் சங்கத் தலைவர். நாளை தோட்டத்து மனேஜர் துரை கோயிலுக்கு வந்து, எரியும் சூடத்தைக் கையால் அடித்துச் சத்தியம் செய்கிறாராம், கூரைக்குப் புதுத் தகரம் தருவதாக. கேட்டது அவ்வளவே. வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பதையும் கேளுங்கள் என்றேன். நாடகத்தையும் சொன்னேன், கைது வரைக்கும்.

"அந்த இளவரசன் சூடம் அடிக்கலியே மச்சான்," என்றார். "சாமி முன்னுக்கு வந்து நிக்கிற மனுசன்கிட்ட அதையும் இதையும் கேட்டா மரியாதையா?"

ஜூன் 5, வியாழன்
மழை விட்டது. துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார். தமிழில் நாலு வரி பாடமாக்கி வந்திருந்தார். உச்சரிப்பு, என் வகுப்பின் ஆங்கிலத்தைவிட மேல். சூடத்தை அடித்து அணைத்து, "ஹரித தலைவர்?" என்று, சரியா என்பதைச் சிங்களத்தில் கேட்டுக் கை கொடுத்தார். அத்தான் தப்பு மேளம் அடிக்கச் சொல்லிச் சனத்தைக் கலைத்தார். பொங்கல், பிளேன்டீ. வேலைநிறுத்தத்துக்கென்று ஃபெக்டரி வாசலில் வந்து நின்ற பொலிஸ் ஜீப் மட்டும் போகவில்லை.
வாங்க: சவர்க்காரம், சிவப்புப் பேனா.

ஜூன் 6, வெள்ளி
காலைப் பெரட்டு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரம். வேலைக்கு வந்து நின்றவர்கள் பேரையெல்லாம் கணக்கப்பிள்ளை கூப்பிட்டார். அத்தான் பேரைத் தவிர. பேர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. மாத முடிவுக்குள் லயத்து வீட்டையும் விட வேண்டுமாம்.

அத்தான் ஒஃபிசுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். துரை கோபப்படவில்லை, உட்காரச் சொன்னாராம். தகரத்துக்குத்தானே சத்தியம் செய்தேன், லொறி வருகிறதே என்றாராம். வந்தது. நல்ல கனமான தகரம்.

மறுபடி வேலையை நிறுத்துவோம் என்றவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் தயங்கினார்கள். சாமி முன் முடித்ததை மீறினால் குடும்பத்துக்கு ஆகாதாம். சூடம் இந்தப் பக்கத்தைக் கட்டிப்போட்டுவிட்டது. துரைக்குக் கைகூடச் சுடவில்லை.

ஜூன் 7, சனி
விடைத்தாள் பாதி திருத்தினேன்.

ஜூன் 8, ஞாயிறு
வெயில். அக்கா வந்து என் வீட்டு அலமாரியில் பாதியைக் காலி செய்தாள். மாத முடிவில் அவர்கள் சாமான் வைக்க. அத்தான் கரவனெல்லப் பக்கம் இரண்டு தோட்டத்தில் வேலை கேட்டுவிட்டுப் பின்னேரம் வந்தார். பேரைச் சொன்னதும் ஆள் தேவையில்லை என்றார்களாம். அவர் பேர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்த நாடகத்துல, புடிச்சிக்கிட்டுப் போனாங்களே மச்சான். அவங்கள கடைசில என்னா செஞ்சாங்க?"

அந்த இடம் இன்னும் படிப்பிக்கவில்லை என்றேன்.