குதிரைக்காரர் எழுதவிடாத காலை

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டோல் டேக் இன்னும் இரண்டாம் எண்ணில்தான் இருக்கிறது. காருக்குள் இரண்டு பேர் என்று அர்த்தம். நீ போன பத்தாம் நாள் மறுபடி வேலைக்குக் கிளம்பினேன். லிவர்மோரிலிருந்து ஃப்ரீமான்ட் போகும் வழியில், சுனோல் மேட்டுக்குப் பக்கத்தில், பழக்கதோஷத்தில், இரண்டு பேராவது இருந்தால்தான் போகலாம் என்ற கார்பூல் லேனிலேயே போய்க்கொண்டிருந்தேன். ரோந்து போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொன்னார். காரில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றேன். அவர் குனிந்து உன் சீட்டைப் பார்த்தார். அங்கே என் லஞ்ச் பை இருந்தது. என் முகத்தில் என்ன பார்த்தாரோ, எச்சரித்து அனுப்பிவிட்டார்.

அப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறேன். இப்போது சாதாரண லேனில்தான் போகிறேன், அந்த எண்ணை மட்டும் மாற்றவில்லை.

பதினான்கு வருஷம் ஆபீஸ் சிநேகிதியாக அந்த சீட்டில் நீ வந்தாய். நம்மோடு மூன்றாவதாக ஒருவரும் வந்தார். செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன ஒரு அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி. அவரை உனக்கு அறிமுகம் செய்தது உன் மகளின் நாலாம் வகுப்பு. சரித்திரத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் மாதிரியே உடுத்தி, மெழுகுபொம்மை போல அசையாமல் நின்று, யாராவது வந்தால் அவர் கதையைச் சொல்ல வேண்டும். அவள் குதிரைக்காக மட்டும் இவரை எடுத்தாள். நீ நீல பேண்ட்டின் ஓரத்தில் மஞ்சள் சேலை ஃபால்ஸை வைத்துத் தைத்தாய். ஒட்டிய மீசை பாதியில் விழுந்து, அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே கதை சொன்னாள். மறுநாளே அவரை மறந்துவிட்டாள். உன்னால்தான் முடியவில்லை.

நியூஜெர்சியில் பால்பண்ணை வைத்திருந்தவரின் மகன். ராணுவப் பள்ளியில் கணக்கில் கடைசி. உள்நாட்டுப் போர் வந்ததும் இருபத்தாறு வயதில் கர்னல். ஒரே நாளில் இரண்டு குதிரைகள் சுடப்பட்டு விழுந்தும் மூன்றாவதில் ஏறியவர். போர் முடிந்து ராணுவத்தைச் சுருக்கியபோது, அதே ஆளை கேப்டனாக இறக்கி டெக்சாஸ் புழுதிக்கு அனுப்பினார்கள். அங்கே பதினைந்து வருஷம் பதவி உயர்வே இல்லை. காரில் கதை சொல்லும்போது அந்த இடம் வந்தால் உனக்குக் குஷி பிறந்துவிடும்.

"பாரு புள்ள, நம்ம கிரீன் கார்டு கியூவேதான். முன்னாடி இருக்கறவன் ரிடயர் ஆகோணும், இல்லாட்டி சாகோணும். அப்பத்தான் நம்ம குதிரைக்காரரு ஒரு அடி நகருவாரு."

அதே நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் என் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்தவள், சாப்பிட்ட கையோடு என்னை அவர் கல்லறைக்கு இழுத்துக்கொண்டு போனாய். மழை தூறியது. இலைகளைத் தள்ளிவிட்டு, தாம்பூலப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கல்மேல் வைத்தாய். "பாக்க வந்துட்டு வெறுங்கையோட நிக்கறதா" என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் வாழ்க்கையைத் தமிழில் புத்தகமாக நீண்ட நோட்டுகளில் எழுதினாய். தமிழில் டைப் அடிக்க உனக்குப் பொறுமை கிடையாது, அதனால் அந்த வேலை எனக்கு. ஏழாம் அத்தியாயம் கைக்கு வந்தது, டெக்சாஸில் அவருடைய ஒரு குளிர்காலத்தைப் பற்றி. "அன்று காலை ஆற்றங்கரையில் ஒரு சண்டை நடந்தது. அவர் வென்றார்." அவ்வளவுதான், அடுத்த பத்தியில் பதக்கம். ஆனால் நீ படித்த லைப்ரரிப் புத்தகங்களை அதற்குள் நானும் படித்திருந்தேன். பூர்வகுடிகளின் முகாம் அது. ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள். கூடாரங்களில் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் விடிவதற்குள் உள்ளே புகுந்து சுட உத்தரவிட்டார்.

காரில் கேட்டேன். "இது சண்டையா? தூங்கிட்டு இருந்தவங்கள சுட்டிருக்காரு. நீ ஏன் எழுதல?"

"டைப் அடின்னா டைப் மட்டும் அடி. வாத்தியார் வேலை உனக்கு எதுக்கு?"

"உனக்கு உன் ஹீரோதான் முக்கியம்" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதன்பின் இரண்டு மாதம் அதே காரில் போனோம், வந்தோம். டிராஃபிக் பற்றிப் பேசினோம். மழை வருமா என்று பேசினோம். குதிரைக்காரர் பேச்சே இல்லை. நீயாக ஒப்புக்கொள்ளட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ துணி மடித்துக்கொண்டிருந்தபோது, உன் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று சொன்னார்கள்.

வருஷ திதிக்கு வருகிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தை அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று உன் மகளுக்கு ஆசை. "நீங்களே பாத்து ஃபினிஷ் பண்ணிடுங்க ஆன்ட்டி. எனக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டா புரியும்" என்றாள். உன் இரண்டு வாக்கியங்களையும் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றினால் கேட்க ஆளில்லை. ஆனால் பதில் சொல்ல நீ இல்லாதபோது ஜெயிப்பது எனக்கே கேவலமாக இருந்தது. நீ எழுதியபடியே அடித்தேன்.

போன சனிக்கிழமை உன் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அது ஃபைட் இல்ல ஆன்ட்டி. அவங்க எல்லாம் தூங்கிட்டு இருந்தாங்க. அம்மா என்கிட்ட சொல்லியிருக்காங்க."

"எப்போ?"

"நான் மிடில் ஸ்கூல் படிக்கும்போது. இங்கதான், ஸ்டவ் பக்கத்துல நின்னு அழுதாங்க. கடைசியா ஃபோன்ல பேசும்போதுகூட, அத எழுத ட்ரை பண்றேன் கண்ணு, கை வரமாட்டேங்குதுன்னாங்க."

நான் லேப்டாப்பைத் திறந்தேன். அவள் பாதி தமிழில், பாதி இங்கிலீஷில், நீ அவளுக்குச் சொன்னபடியே சொன்னாள். கூடாரம், பனி, ஒரு கிழவி, குழந்தைகள். நான் தமிழில் அடித்தேன். ஏழாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. அப்போதும் அழுகை வரவில்லை.

உனக்கு வருஷக்கணக்காகத் தெரிந்த ஒன்றைத்தான் நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறேன். புத்தகம் எல்லோர் வீட்டுக்கும் போய்விடும். என்னோடு இருக்கப்போவது அந்த இரண்டு மாதம். ஏன் எழுதவில்லை என்று கேட்டேனே தவிர, எழுத முடியவில்லையா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.