நீ என்னை உண்மையாக விழுத்திய போயா

மச்சான்,

உன் ஜூடோ சட்டையில் இன்னும் மரத்தூள் வாசம் இருக்கிறது. நேற்றுப் பகல் என் மரக்கறிக் கடையில் வெலிமடையிலிருந்து வந்த லீக்ஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். உன் மனைவி ஒரு பையோடு வந்து நின்றாள். அண்ணன் முறையில் என்னை அழைத்து, "நானா, பழகுற ஆளு யாருக்காவது இதக் குடுங்க" என்று சட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு தரம் துவைத்தாளாம். தையலுக்குள் போன தூள் போகவில்லை.

அந்தத் தூள் நாம் இருவரும் மரம் அறுக்கும் மரக்காலையிலிருந்து சுமந்தது. என் ஸ்டோரின் மேல்மாடியில், விழுந்து பழக மெத்தையாக, தூளை உரப்பைகளில் அடைத்துப் பரப்பி, மேலே லொறியை மூடுகிற பழைய படங்கை இழுத்துக் கட்டினோம். மாதாமாதம் பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறைக்கு உன் தேயிலை பேக்டரியும் மூடியிருக்கும், என் கடையும் மூடியிருக்கும். லுணுகலையிலிருந்து முதல் பஸ்ஸில் நீ வந்துவிடுவாய்.

நீ பள்ளிக்கூடத்திலேயே ஜூடோ பழகி மாகாணப் போட்டி வரை போனவன். நான் அபுதாபியில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் பாய் துடைக்கப் போய், துடைத்த பாயிலேயே பிரேசில் ஜியு-ஜிட்சு பழகி வந்தவன். முதல் நாள் நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானாகவே கீழே உட்கார்ந்தேன். எங்கள் வித்தையில் அது சாதாரணம். உட்கார்ந்து, காலுக்குள் ஆளை இழுத்து, அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாய். "என்னடா, சண்டைக்கு வந்தியா, சாப்பாட்டுப் பந்திக்கு வந்தியா?"

எழுந்து நின்றேன். அடுத்த மூச்சில் கூரைத் தகரம் என் காலுக்குக் கீழே தெரிந்தது.

நின்றுகொண்டு பிடித்தால் உன்னிடம் நான் ஒன்றுமில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் நான் சமாளித்து உன்னைக் கீழே கொண்டுவந்துவிட்டால், நீ குப்புறப் படுத்துக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வாய். ஜூடோவில் அது நல்ல தந்திரம். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் நடுவர் எழுப்பிவிடுவார். எங்களிடம் முதுகைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல. உன் முதுகில் ஏறி, இரண்டு காலையும் உள்ளே கொளுவி, உன் கொலரையே கயிறாக்கிக் கழுத்தை இறுக்குவேன். அப்போதும் நீ காத்திருப்பாய். "யாருக்குடா பார்த்துக்கிட்டு இருக்க? அந்தக் கெழங்கு மூட்டையா நடுவர்?" என்று கேட்பேன். கண் செருகும் வரை கிடப்பாயே தவிர, தட்டித் தோல்வியைச் சொல்ல மாட்டாய். பயந்துபோய் நானேதான் விடுவேன்.

எது பெரிது என்று பஸ் ஸ்டாண்ட் வரை வாதாடிக்கொண்டு போவோம். உங்களிடமும் கழுத்து நெரிப்பு உண்டு, முழங்கைப் பூட்டு உண்டு. ஆனால் தரையில் கிடைக்கும் நேரம் கொஞ்சம் என்பதால், புறப்படுகிற பஸ்ஸில் ஏறுகிறவன்போல அவசரமாகச் செய்வீர்கள். நாங்கள் இறைச்சியை வேகவைப்பது மாதிரி, சிறு நெருப்பில். உங்கள் சட்டத்தில் காலைக் கையால் பிடிக்கக் கூடாது. நான் காலைத்தான் முதலில் தேடுவேன். முதுகு பட விழுந்தால் உனக்கு ஆட்டம் முடிந்தது, எனக்கு அப்போதுதான் தொடங்குகிறது. இன்று யாராவது என்னைக் கேட்டால், விழுத்துவதற்கு ஜூடோ, விழுந்தவனை அடக்குவதற்கு ஜியு-ஜிட்சு, இரண்டுக்கும் ஒரே ஆளிடம் போகாதே என்பேன்.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். கொழும்புக்குப் போய்ப் போய் வந்தாய். சட்டைக்குள் ஆள் இல்லாத மாதிரி ஆனாய். அப்படியும் ஒரு போயாவுக்கு வந்து, "ஒரு பிடி போடுவோமா?" என்றாய். முதல் நாளே உன் மனைவி போன் பண்ணி, உன்னைச் சிரமப்படுத்த மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். நீ என் சட்டையைப் பிடித்துத் திரும்பினாய். நான் உன் முதுகின் மேலாகப் புரண்டு, படங்கில் சத்தம் வர விழுந்தேன்.

நீ சிரிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

"மச்சான், நீயா விழுந்த. உன்னத் தூக்குனா என் இடுப்புல எவ்வளவு பாரம் ஏறும்னு எனக்குத் தெரியாதா? தோட்டத்து லயத்துல எல்லாரும் என்னக் கண்ணாடி கிளாஸ் மாதிரி தூக்கித் தூக்கி வைக்கிறாங்க. நீயுமா?"

அடுத்த போயாவுக்கு நீ வரவில்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை. சாமானில் கலப்படம் செய்து பிடிபட்டவன் மாதிரி இருந்தது எனக்கு.

அதற்கடுத்த போயா வந்தாய். நேரே பெல்ட்டைக் கட்டினாய். வாக்கா, நீயா என்று நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நான் உண்மையாகவே நின்றேன். நீ மூன்று தரம் திரும்பி என்னைத் தூக்கப் பார்த்தாய், உன்னால் என்னை அசைக்க முடியவில்லை. மூச்சு வாங்கினாய். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. நாலாவது தரம் நான் முன்னுக்குத் தள்ளினேன். நீ தடுக்காமல் வழிவிட்டாய். என் இடது பாதம் தரையைத் தொடப்போன அந்த நொடியில், உன் உள்ளங்கால் அதை வழித்துக்கொண்டு போனது. பலமே வேண்டாத அடி. நேரம் தெரிந்தால் போதும். முதுகு முழுக்கப் பட்டு, மூச்சு நின்றுபோனது எனக்கு.

நீ ஆட்டம் முடிந்தது என்று எழும்பவில்லை. முதல் தடவையாக என் பின்னாலேயே தரைக்கு வந்து என்னை அமுக்கினாய். நான் புரண்டு உன் கையைப் பிடித்து மெதுவாக நீட்டினேன். என் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாய். நீ தட்டியது அது ஒன்றுதான்.

அடுத்த போயாவுக்கு நீ இல்லை.

நேற்று உன் மனைவியிடம் இதைச் சொன்னேன். "தங்கச்சி, வாக்குக் குடுத்தும் நான் அவனோட உண்மையாவே பிடி போட்டேன்" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தெரியும் நானா. அன்னைக்கு வந்து, ரெண்டாவது தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. கையெல்லாம் சிவந்து கெடந்துச்சு. யாரு அடிச்சாங்கன்னு கேட்டா, ஒரே சிரிப்பு."

மச்சான், இப்போதெல்லாம் நோயில் மெலிந்த ஆள் யாராவது கடைக்கு வந்து, மூட்டையைத் தானே தூக்கிக்கொள்கிறேன் என்றால், நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதில்லை. வழிவிட்டுப் பக்கத்தில் நிற்கிறேன்.