இடது பக்கம் பார்க்கிறவன்

அன்புள்ள முன்னாள் வீட்டுக்காரிக்கு,

முட்டி வலி தேவலை. புதுப் படத்தில் செயற்கை நுண்ணறிவை வைத்து என்னை முப்பது வயதுக்காரனாக்கியிருக்கிறார்கள். அதற்குப் பழைய புகைப்படங்கள் கேட்டார்கள். நம் கல்யாண ஆல்பத்தைத்தான் கொடுத்தேன், என் இடது பக்கம் நின்ற உன்னைக் கத்தரித்துவிட்டு. கோபித்துக்கொள்ளாதே, அவர்களுக்கு என் முகம் மட்டும் போதுமாம்.

இன்று டப்பிங்கில் அந்த முப்பது வயதுக்காரனைத் திரையில் பார்த்தேன். தலைமுடியெல்லாம் பிரமாதம். ஆனால் சிரிக்கும்போதெல்லாம் அவன் கண் இடது பக்கமே போகிறது. அங்கே யாருமில்லை.

“ஃபோட்டோ எல்லாத்துலயும் அப்படித்தான் சார் சிரிக்கிறீங்க. மிஷின் அதையே கத்துக்கிச்சு. சரி பண்ணிடவா?” என்று கேட்டாள், முகத்தை மாற்றிய பெண்.

“இருந்துட்டுப் போகட்டும்மா” என்றேன்.

வெட்டிய துண்டுகள் பத்திரமாக இருக்கின்றன. தபாலில் அனுப்பினால் மடங்கிவிடும். நேரில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
அதே வீட்டில் இருப்பவன்