நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

ஏங்க,

இன்று பள்ளிச் சீருடைகளைக் கொடுத்தாக வேண்டும். அதனால் சீக்கிரமே தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. குடித்ததும் மாத்திரை.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸம்மா போன் செய்வார். உங்கள் மூளை ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. வருஷா வருஷம் கேட்கும் அதே கேள்விகள்தான். போன வருஷம் "சட்டை பட்டனை நீங்களே போடறீங்களா?" என்று கேட்டதற்கு, "கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்" என்று அளந்துவிட்டீர்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். காதும் காதும் வைத்த மாதிரி உங்கள் சட்டைகளுக்கெல்லாம் பிரஸ் பட்டன் தைத்துக் கொடுத்தவளே நான்தானே!

நேற்று டம்ளர் கை நழுவியபோது, "எனக்கு ஒண்ணும் இல்லடி" என்று கத்தினீர்கள். நானும் பதிலுக்குக் கத்தினேன். ஆனால் நாம் சொல்வதைத்தான் அந்த அம்மா எழுதிக்கொள்கிறார். அதைப் பார்த்துத்தான் டாக்டர், இதே ஸ்டென்ட் வைக்கலாமா என்று கேட்கும் இன்னொருத்தர் பெண்டாட்டியிடம், "நாலு வருஷம் கழிச்சும் நல்லா இருக்காங்கம்மா" என்று சொல்வார்.

பழைய நீலச் சட்டையை நாற்காலியில் வைத்திருக்கிறேன். அதில் மட்டும்தான் நிஜப் பட்டன். போன் வருவதற்கு முன்னால் போட்டுப் பாருங்கள். எத்தனை பட்டன் போட முடிந்ததோ, அதைச் சொல்லுங்கள். டம்ளர் விழுந்ததையும் சொல்லுங்கள்.

பி.கு. மிச்சப் பட்டன்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு மணிக்குச் சாப்பிட வருவேன். நான் போட்டுவிடுகிறேன்.