நம் தீவு எந்த மண்டலத்தில் இருக்கிறது?

லாசி, சிக்கிஹோர் தீவு
13 ஜனவரி 2025

அன்புத் தம்பி ரெனாந்தேவுக்கு,

மணிலாப் புகையில் உன் இருமல் குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே எல்லோரும் சுகம், உன்னால் எனக்கு வந்த தலைவலியைத் தவிர.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என்று உன் கம்பெனி நடத்துகிற சமூக அறிவியல் இணையதளத்தை நம்பித்தான் என் ஆறாம் வகுப்பு ஓடுகிறது. 'புத்தகம் பழசு, என் தம்பியின் தளம் புதுசு' என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவளும் நான்தான். போன வாரம் அதில் பயிற்சித் தேர்வு வைத்தேன். 'சிக்கிஹோர் எந்த மண்டலத்தில் உள்ளது?' என்று ஒரு கேள்வி. ஜோவெலின் என்கிற பெண் 'நெக்ரோஸ் தீவு மண்டலம்' என்று அழுத்தினாள். தப்பு என்று சிவப்பில் காட்டியது.

போன வருஷமே சட்டம் போட்டு நம்மைப் புது மண்டலத்தில் சேர்த்தாயிற்று. உன் தளம் மட்டும் நம்மை இன்னும் பழைய மத்திய விசயாஸ் மண்டலத்திலேயே கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. "நாம எங்க இருக்கோம்னு நமக்கே தெரியாதுங்குதா மேம் இது?" என்று அவள் கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச்சில் மாகாணத் தேர்வு, அதுவும் உன் தளத்திலேயே. முதலில் வருகிற பிள்ளைக்குக் கடல் தாண்டித் துமகெத்தேயில் விடுதியோடு இலவசப் படிப்பு. ஜோவெலினின் அப்பா மீன் பிடிக்கிறவர். இது கிடைக்காவிட்டால் அந்தப் பள்ளியை அவள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

நீயும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே? சீக்கிரம் திருத்து.

உன் அக்கா,
மெர்லிண்டா


கேசோன் நகரம், மணிலா
27 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. நீ சொல்வது சரிதான். ஆனால் இங்கே ஒரு முற்றுப்புள்ளியை மாற்றுவதற்கும் பாடம் பார்க்கிறவர், வரைபடம் பார்க்கிறவர், மேலாளர் என்று எல்லோரும் தலையாட்ட வேண்டும். அடுத்த திருத்தம் ஜூனில்தான். அதற்குள் பக்கத்தைப் புதுப்பொலிவாக்கியிருக்கிறோம், பார்த்தாயா? சரியான விடை சொன்னால் திரையில் ஒரு ஆமை கைதட்டும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அதுவரை தளம் எதைச் சரி என்கிறதோ, அதையே சொல்லிக்கொடுத்துவிடு. இப்போதைக்கு மார்க்குதானே முக்கியம்? உண்மையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா போட்ட கருவாடு கொஞ்சம் அனுப்பேன். நாக்கு செத்துவிட்டது.

அன்புத் தம்பி,
ரெனாந்தே


லாசி
10 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

ஆமைக்குக் கைதட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது, தீவைத் திருத்த ஆள் இல்லை. நல்லாயிருக்குடா உங்கள் வேலை!

உன் தளத்தில் பிழை சொல்வதற்கென்று இருக்கிற பெட்டியிலும் எழுதிப் பார்த்தேன். 'அன்புள்ள பயனரே, உங்கள் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது' என்று உடனே பதில் வந்தது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஜோவெலினின் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எது சரின்னு எனக்கு என்ன தெரியும் மேம்? எது போட்டா பிள்ளைக்கு எடம் கிடைக்குமோ அதைச் சொல்லிக்குடுங்க" என்றார். மனசில்லாமல் வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் 'மத்திய விசயாஸ்' என்று எழுதினேன்.

அந்தப் பெண் விடவில்லை. "தப்புன்னு தெரிஞ்சும் எப்படி மேம் அழுத்துறது?"

"நான் சொல்றேன்ல? என்னை நம்பி அழுத்து" என்றேன்.

கருவாடு கிடையாது. தீவைத் திருத்து, அப்புறம் பார்க்கலாம்.

மெர்லிண்டா அக்கா


கேசோன் நகரம்
14 மார்ச் 2025

என் அருமை அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டேன்! மேலாளர் முன்னால் போய் நின்று, "இதைத் திருத்தலைன்னா எங்க அக்கா என்னை வீட்டு வாசப்படி ஏற விடமாட்டா சார்" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். நேற்றைய தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானமே மாற்றிவிட்டோம். நம் தீவு இப்போது நெக்ரோஸ் தீவு மண்டலத்தில்!

உனக்கு வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. தேர்வு முடிவில் ஆமை கைதட்டும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஜோவெலினுக்கு என் வாழ்த்துகளைச் சொல். மே மாதம் சான் இசித்ரோ திருவிழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். இப்போதாவது கருவாடு உண்டா?

உன் செல்லத் தம்பி,
ரெனாந்தே


லாசி
24 மார்ச் 2025

ரெனாந்தே,

உன் கடிதமும் தேர்வு முடிவும் ஒரே நாளில் வந்தன.

என் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் 'மத்திய விசயாஸ்' என்றே அழுத்தியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைகூட என் சொல்லை மீறவில்லை. ஜோவெலினுக்கு ஒரு மார்க்கில் முதலிடம் போய்விட்டது. துமகெத்தே இடம் லாரேனா ஊர்ப் பையனுக்கு. அவனுடைய ஆசிரியர் தளத்தைப் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

மாகாணக் கல்வி அலுவலகத்துக்கு ஓடினேன். "தளத்துல சரியாத்தானே இருக்கு மேம், உங்க பிள்ளைங்கதான் தப்பா போட்டிருக்காங்க" என்றார்கள்.

எனக்காகச் சண்டை போட்டாய். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று மத்தியானம் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையே. என் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டாயே, முடிவு வந்த அன்றைக்கு ஜோவெலின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

இன்று காலை வகுப்பில் வரைபடத்தை விரித்து நம் தீவின் மேல் விரலை வைத்து, "இது எந்த மண்டலம்?" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. கடைசியில் ஜோவெலின் எழுந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லணுமா மேம், நீங்க சொன்னதைச் சொல்லணுமா?"

கிண்டல் செய்யவில்லை, ரெனாந்தே. நிஜமாகவே கேட்டாள். நான் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கருவாடு அனுப்பியிருக்கிறேன். அம்மா கட்டிக்கொடுத்தாள்.

மெர்லிண்டா